தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு கூட்டம்

பெண்கள் சமத்துவத்துக்கு அரசு ஓர் ஆணையம் அமைக்கப் போகிறதாம். எங்கள் கருத்தைக் கேட்க இன்று காலை மும்பை தாராவியில் கூட்டம்.

போனால், ஹால் முழுக்க ஆண்கள். பெண்கள் என்று நானும், செம்பூரிலிருந்து வந்திருந்த தமிழ் அதிகாரி மேடமும்தான்.

"லேடீஸ் யாரும் வரலையா?" என்றார் மேடம்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி எழுந்தார். "தண்ணி வார நேரம்லா மேடம், என் பொண்டாட்டி குடத்தோட நிக்கா. அவளுக்கு என்ன வேணும்னு நான் சொல்லுதேன்."

மேடம் நோட்டை மூடினார். "குழாய் எங்க இருக்கு?" என்று கேட்டு, நேராகச் சந்துக்குள் நடந்தார்.

அங்கே பெண்கள் வரிசையில் ஒரே ஆண், எனக்குப் பதிலாகக் குடத்தோடு நின்ற என் கணவர். மேடம் அவரிடமும் கருத்துக் கேட்டார்.

"ஆணையத்தைச் சீக்கிரம் ஆரம்பிங்க மேடம். ஒரு நாளைக்கே கை வலிக்கு."

உங்கள் வீட்டில் இன்று குடம் தூக்கியது யார்?