பட்டுச்சேலையில் கொழுந்து

விருதுகள் பல வாங்கிய அந்த இந்திய சினிமா இயக்குநரை, கண்டியிலிருந்து பன்வில தேயிலைத் தோட்டத்துக்கு என் வேனில்தான் கூட்டிப்போனேன். எதையும் அவர் கைவிரல்களைக் குழலாக மடித்து ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பார்.

கொழுந்து பறிப்பதைப் படம்பிடிக்க வந்திருந்தார். பெண்களோ பட்டுச்சேலையும் பூவுமாக நின்றார்கள்.

"வேலை உடுப்புல வரலியாம்மா?" என்று விரல் குழல் வழியே பார்த்தபடி கேட்டார்.

"அந்தக் கோலத்துல வெள்ளக்காரங்க தெனமும் போட்டோ புடிக்கிறாங்க ஐயா. நீங்க நம்ம ஆளுன்னுதான் இப்புடி வந்தோம்," என்றாள் முன்னால் நின்றவள்.

அவர் கையை மெல்ல இறக்கினார். பட்டுச்சேலையிலேயே மாலைவரை படம்பிடித்தார்.

படம் கண்டித் தியேட்டருக்கு வந்ததும் அந்தப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போனேன். தோட்டக் காட்சியே இல்லை.

"ஏமாத்திட்டாரே மனுசன்!" என்றேன், திரும்பும் வழியில்.

"அழுக்கு உடுப்போட எங்களக் காட்டலதானே," என்றாள் அவள்.

அவரைத் திட்ட அதன்பிறகு எனக்கு வாய் வரவில்லை, புகழவும்தான்.