பெரியமாமாவின் கசெற்றில் கௌபோய்

ஓடி முடிந்த வீடியோக் கசெற்றை "டெக்"கிலிருந்து இழுத்தால் கை சுடும். சூடேறிய பிளாஸ்டிக்கின் மணம் விரலில் ஒட்டிக்கொள்ளும். பதினொரு வயதில் எனக்கு அந்த மணம்தான் சனிக்கிழமை. கனடாவில், லாசாலில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில், காலை பதினொரு மணிக்கு, பிரெஞ்சுத் தொலைக்காட்சி ஒன்றில் அப்பா பிறப்பதற்கு முன்னரே எடுத்த கறுப்பு வெள்ளைக் கௌபோய்த் தொடர் போகும். தூசிக்குள் குதிரையில் வந்திறங்கி, தொப்பியைத் தொட்டு "போன்ஜூர், மதாம்" என்று சொல்லும் அந்த மனிதரை நான் கியூபெக்காரர் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். அதே நேரத்தில்தான் தமிழ் வகுப்பும் இருந்ததால், பதிவு செய்ய டெக்கை முடுக்கிவிட்டுப் போய், "தேவாரம்" ஒப்புவித்துவிட்டு வந்து மத்தியானம் பார்ப்பேன்.

கசெற் அலுமாரியில் அம்மாவின் சட்டம் செல்லும். மேல்தட்டில் மங்கலமானவை மட்டும்: கலியாணம், மச்சாள் பெரியபிள்ளையான "சாமத்திய வீடு", கோயில் தேர். கீழ்த்தட்டில் என் கௌபோய்களும், தெருமுனைத் "தெப்பனர்" கடையில் வாங்கிய வெறும் கசெற்றுகளும்.

அந்த வருடம் பருத்தித்துறையில் பெரியமாமா இறந்துபோனார். அம்மாவின் ஒரே அண்ணன். தாய் தகப்பனை இழந்த தங்கையைத் தூக்கி வளர்த்துக் கலியாணம் கட்டிக்கொடுத்தவர். எங்கள் அகதி வழக்கு முடியாததால் அம்மாவால் போக முடியவில்லை. போக முடியாதவர்களுக்காகச் செத்தவீட்டை முழுவதும் வீடியோ எடுத்து அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம்; கனடா டெக்கில் ஓடும்படி கொழும்பில் மாற்றிப் பதிந்து, ஊருக்குப் போய்வந்த ஒருவர் கையில் அது வந்து சேர்ந்தது. அம்மா அதைப் போட்டுப் பார்க்கவில்லை. "வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியட்டும், பேந்து பாப்பம்" என்றார். பெயர் எழுதி ஒட்டுகிறேன் என்று அப்பா பேனையை எடுத்தபோது, "செத்தவீடு எண்டு எழுதி வீட்டுக்குள்ள வைக்கிறதே?" என்று தடுத்தும் விட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தக் கசெற்றை மேல்தட்டில் கலியாணத்துக்குப் பக்கத்தில் வைக்க மனமில்லாமல், அம்மா கீழ்த்தட்டில் வைத்திருந்தார்.

தொடரின் கடைசிப் பகுதி வந்த சனிக்கிழமை வெறும் கசெற் தேடிக் கையை விட்டேன். பெயர் எழுதாத ஒன்று அகப்பட்டது. புதுக் கசெற்றைச் சுற்றியிருக்கவேண்டிய தாளைக் காணவில்லையே என்று ஒரு கணம் யோசித்ததும் உண்மை. யோசித்துக்கொண்டே டெக்கில் தள்ளி, பன்னிரண்டு மணிக்கு நிற்கும்படி நேரத்தை வைத்துவிட்டு ஓடினேன். வந்து பார்த்து அழுதேன். என் கௌபோய் ஊரைவிட்டே போய்விட்டார் என்று அழுதேன். அழுது முடித்து, கசெற்றை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

திவசத்தன்று சாப்பாடு முடிந்து, சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கம்பளத்தில் இருக்க, அம்மா தலையை முடிந்துகொண்டு, கைக்குட்டையோடு முன்னால் அமர்ந்தார். அப்பா கசெற்றைப் போட்டார். திரையில் தூசி கிளம்பியது. குதிரை வந்தது. "போன்ஜூர், மதாம்."

இன்றுவரை அதைவிடப் பயங்கரமான ஒரு வணக்கத்தை நான் கேட்டதில்லை. அப்பா என்னைப் பார்த்தார், கையை ஓங்கிவிட்டார்.

"பிள்ளையில கை வையாதேங்கோ. பேர் எழுதாமல் விட்டது நான்" என்றார் அம்மா. அப்பா நிறுத்தப் போனபோது, "நிப்பாட்டாதேங்கோ, மிச்சம் இருக்கும்."

ஒரு மணிநேரம் செத்தவீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கௌபோய் பார்த்தார்கள். சவர்க்கார விளம்பரமும் பார்த்தார்கள். வேகமாக ஓட்டிவிடலாம் என்று சொல்லக்கூட ஒருவருக்கும் நா எழவில்லை. கடைசியில் திரை மின்னித் தெளிந்தபோது பருத்தித்துறை முற்றம் தெரிந்தது: சுடலையால் வந்த ஆம்பிளைகள் கிணற்றடியில் குளிக்கிறார்கள், யாரோ கதிரைகளை அடுக்குகிறார்கள், பந்தல் கழற்றுகிறார்கள். பெரியமாமாவின் முகம் இருந்த பகுதி முழுவதும் போய்விட்டிருந்தது.

ஊருக்குத் தொலைபேசி எடுத்தோம். மூலப்பிரதி தன்னிடம் இருப்பதாக, கடற்கரை வீதியில் கடை வைத்திருந்த படக்காரர் சொன்னார். "தை பிறக்க அனுப்புறன் அக்கா." அந்த மார்கழியில்தான் கடல் வந்தது. படக்காரர் தப்பினார். கடை இருந்த இடத்தில் சீமெந்து நிலம் மட்டும் மிஞ்சியதாம்.

டெக்குகளும் கசெற் அலுமாரிகளும் இப்போது எந்த வீட்டிலும் இல்லை. ஆனால் அந்தத் தொடர் முழுவதும், கீறல் துடைத்து, அழகான பெட்டியில் டிவிடியாக வந்துவிட்டது. பழைய ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில், பிரெஞ்சுக் குரலை விட்டுவிட்டார்கள், ஒரு காட்சியில் அரை நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று இழவு கொண்டாடுகிறார்கள். அரை நிமிடத்துக்கு!

வாங்கி வந்ததை அம்மாவிடம் மறைக்கத்தான் நினைத்தேன். கண்டுவிட்டார். "அண்டைக்குப் போன பகுதியும் இருக்கே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "போடு."

ஆங்கிலத்தில் பேசும் அந்த அந்நியரை அம்மா கடைசிவரை பார்த்தார். அவர் ஊரைவிட்டுப் போனார், எழுத்துகள் ஓடின, திரை கறுத்தது. நான் விளக்கைப் போட எழுந்தேன்.

"கொஞ்சம் பொறு பிள்ளை, இனித்தான் எங்கட முற்றம் வாறது" என்றார் அம்மா.