விரியன் தீண்டிய நேர்ச்சைச் சேவல்

எங்கள் கொல்லையில் மேய்ந்த கோழிகளில் ஒன்று மட்டும் எங்களுடையது அல்ல. அது தர்காவுக்கு நேர்ந்துவிட்ட சேவல். சைகோனுக்குக் கடை வைக்கப் போன வாப்பா நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தால் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக உம்மாவின் நேர்ச்சை. முதலில் நேர்ந்த சேவல் கிழடு தட்டிச் செத்தே போயிற்று. அதற்குப் பதிலாக விட்டது இது. வாப்பாதான் வந்தபாடில்லை. நேர்ச்சைப் பொருளை அதட்டக் கூடாது என்பதால் சேவல் துரை அடுப்படி வரை வந்து அரிசியில் வாய் வைப்பார். நாங்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு நாள் மத்தியானம் விறகுக் குவியலைக் கிளறிய சேவலைச் சுருட்டை விரியன் காலில் கொத்திவிட்டது. உம்மாவின் அண்ணன், என் மாமா, பாம்பை அடித்துப் போட்டுவிட்டு வந்தார். சேவல் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்து கிடந்தது.

"உசிரு போறதுக்குள்ள பிஸ்மி சொல்லி அறுத்துடலாம் புள்ள. செத்துட்டா ஹராமாப் போயிடும்."

"அறுக்க இது நம்ம பொருளா காக்கா? விடுங்க, நான் பாத்துக்கிறேன்."

காக்கா என்று கூப்பிடும் அண்ணனை உம்மா எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன். சிறியாநங்கை இலையை இடித்து, சாற்றை அலகைத் திறந்து ஊற்றினார். வீங்கிய காலைக் கழுவி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். ஓதி ஓதி ஊதினார். கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். எனக்குக் காய்ச்சல் கண்டபோதுகூட உம்மா அப்படிப் பரிதவித்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சேவல் பிழைத்துக்கொண்டது. ஆனால் கால் அழுகி விரல்கள் உதிர்ந்துபோயின. நொண்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்து அது கூவியபோது நான் குதித்தேன். மாமாவோ, ஊனப்பட்டதை நேர்ச்சைக்குக் கொடுக்க முடியாதே என்று தலையைச் சொறிந்தார். அப்படியானால் இதை இனி யாரும் அறுக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அடுத்த வாரமே மாமா பட்டினத்துக்குப் போய், கொழுகொழுவென்று ஒரு சேவல் வாங்கி வந்தார். இதை நேர்ந்துவிடு, மச்சான் வந்துவிடுவார் என்றார். உம்மா அதை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொடுத்தார்.

"நேர்ந்தது போதும் காக்கா. இதை அறுத்துக் குடுங்க, ஆணம் காய்ச்சுறேன்."

மாமா சேவலை வாங்கிக்கொண்டார். கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

மத்தியானம் கோழிக் குழம்பு மணத்தது. மாமா சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. உப்புப் போதவில்லை போலும் என்று நினைத்தேன். வீட்டு ஆண்களுக்கென்று எடுத்து வைக்கும் ஈரலை உம்மா கொண்டுவந்து பொடியன் என் தட்டில் போட்டார். எதற்கு இந்தத் திடீர் மரியாதை என்று நான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஆணம் கேட்டேன்.