பனி கொட்டிய வருஷத்துச் சம்பளம்

வெண்டல் ஹ்ரூஷ்காவும் நானும் அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் இருபது வருஷமாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறோம். அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குடிக்க மாட்டான், சர்ச்சில் பிரசங்கத்தின்போது தூங்குவான், வேலைக்குக் கூப்பிட்டால் வருவான். விடுமுறை நாளில் புயல் என்றால் எங்களில் பாதிப் பேர் போனையே எடுக்க மாட்டோம். அவன் முதல் மணியிலேயே எடுப்பான். எடுக்காதவனை அவன் மனுஷனாகவே மதித்ததில்லை. அதில் நானும் உண்டு.

அவன் மகள் கார்லி படிப்பில் புலி. பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு நல்ல கல்லூரியில் பொறியியலுக்கு இவளுக்கு இடம் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதும், வெண்டல் அந்தக் குளிர்காலம் முழுக்க லாரியிலேயே குடியிருந்தான். அந்த வருஷம் பனியும் கொட்டித் தீர்த்தது. மனைவி டோரீன் கட்டிக் கொடுத்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை ஆறிப்போன பிறகுதான் தின்றான். ஓவர்டைம் பணத்தை மகளுக்கென்று சேர்த்தான். அதே பனி வீட்டுக் கூரையை உடைத்து அதில் பாதியை விழுங்கியது.

கார்லிக்கு இடம் கிடைத்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. இந்தக் குடும்பத்தால் வருஷத்துக்கு முப்பத்தோராயிரம் டாலர் கட்ட முடியுமாம், அதனால் உதவித்தொகை நாலாயிரம்தானாம். எந்த வருமானத்தைப் பார்த்து? அந்தப் பனி வருஷத்து வருமானத்தைப் பார்த்து! மகளுக்காக ஒருத்தன் உழைத்த உழைப்பையே எடுத்து அவள் கழுத்தில் சுருக்காக மாட்டியிருக்கிறார்கள். 

எங்கள் தெருவில் ராய்ஸ் என்று ஒருவன் பழைய கார் விற்கிறான். கைக்கு வரும் காசைக் கணக்கில் காட்டவே மாட்டான். அவன் பையனுக்கு முழு உதவித்தொகை. அந்தக் கோடையில் ராய்ஸ் படகு வேறு வாங்கினான்.

“உன் ஆளுக்குச் சம்பாதிக்கத் தெரியுது, மறைக்கத் தெரியலையே கிளைட்,” என்று என்னிடமே இளித்தான். தூ!

நேரில் போய் முறையிடலாம் என்றார்கள். நான்தான் காரில் கூட்டிப் போனேன், கார்லியும் வந்தாள். உதவித்தொகை அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவள்தான்.

“மிஸ்டர் ஹ்ரூஷ்கா, அந்த வருஷம் உங்க ஓவர்டைம் ரொம்ப ஜாஸ்தி. அது அந்த ஒரு வருஷம் மட்டும்தானே? இனிமே அவ்வளவு இருக்காதுல்ல?”

பதிலை ஊட்டியே விட்டாள், விழுங்கினால் போதும். மேசைக்கடியில் நான் அவன் காலை மிதித்தேன்.

வெண்டல் நிமிர்ந்து உட்கார்ந்தான். “என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? பனி பெய்ஞ்சா நான் போவேன். இதுவரைக்கும் போயிருக்கேன், இனிமேலும் போவேன். கூப்பிட்டு வரலைன்னு என்னைப் பத்தி ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம்.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “அப்போ அது உங்க வழக்கமான வருமானம் சார். என் கையில ஒண்ணும் இல்ல. பொண்ணோட இடத்தை ஒரு வருஷம் நிறுத்தி வைக்கிறேன். அதுக்குள்ள வருமானம் குறைஞ்சா வாங்க.”

பாதி வழி திரும்பியிருப்போம்.

“ஏம்ப்பா, இருக்காதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?” என்றாள் கார்லி.

“பொய் சொல்லச் சொல்றியா?”

“இல்லப்பா. இந்தக் குளிருக்கு வீட்ல இருன்னு சொல்றேன்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கார்லி மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் புயல் வந்தது. ஷெட்டில் மேஸ்திரி எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வெண்டலுக்குப் போன் போட்டார்.

“வெண்டல், ஏரிப்பக்கம் மோசமா இருக்கு. வர்றியா?”



“இல்ல.”

“என்னப்பா, உடம்பு முடியலையா?”

“நல்லாத்தான் இருக்கேன். வரல.”

“துரை பெரிய ஆளாயிட்டாரு!” என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். இருபது வருஷத்துப் பேர் ஒரு நிமிஷத்தில் போனது. எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. அந்த முப்பத்தோராயிரத்தை உட்கார்ந்து எழுதினானே, அவன் முகத்தில், பனியைக் கரைக்க என் லாரியில் ஏற்றியிருந்த உப்பு முழுவதையும் கொட்ட வேண்டும் போலிருந்தது.

அவனுடைய தடத்தை எனக்குக் கொடுத்தார்கள். மதியம் அவன் தெருவுக்குள் லாரியைத் திருப்பினால், நடுரோட்டில் வெண்டல் நிற்கிறான். கையில் மண்வாரி. மேட்டிலிருந்து பாதித் தெரு வரை தனி ஆளாக வாரி ஒதுக்கியிருந்தான். மீசையெல்லாம் பனி உறைந்திருந்தது.

கண்ணாடியை இறக்கினேன். “பைத்தியமாடா உனக்கு? இதுக்குத்தானே லாரி வருது!”

அவன் மண்வாரியை ஊன்றி மூச்சு வாங்கினான். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் ஜன்னலுக்குக் கிட்டே வந்தான்.

“கிளைட், இதுக்கு எனக்கு யாரும் சம்பளம் தரல. இதையும் வருமானம்னு எழுதிட மாட்டாங்கல்ல?”

கிண்டலாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டான்.