பட்டியலில் வெட்டிய ஆறாம் பெயர்

அன்று வாசிகசாலைக்கு வந்திருந்தவர்கள் நால்வர்: கணிதம் படிப்பிக்கும் ரியூசன் மாஸ்டர், உழவு மெசின் ஓட்டும் அண்ணை, சந்தியில் போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்யும் தங்கச்சி, நான். வராதவர் அக்கா ஒருவர்தான். வாசிகசாலையின் செயலாளர் அவர். பழைய நாவல்களை ஒரு வருடம் சேர்ந்து வாசிப்போம் என்று முதலில் கேட்டவரும் அவரே. அன்று அவருடைய வயலுக்குத் தண்ணீர் முறை. வாசிகசாலைப் பூட்டின் திறப்பைத் தங்கச்சியிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

சுவரில் ஒட்டிய பிறிஸ்டல் போட் அட்டையில் நான் மாதங்களையும் நாவல்களின் பெயர்களையும் எழுதினேன். அறுவடை மாதங்கள் இரண்டையும் விட்டால் பத்து மாதம், பத்து நாவல்.

“தம்பி, அந்த ஆறாவது எத்தினை பக்கம்?” என்றார் அண்ணை.

“எழுநூற்றிப் பன்ரெண்டு.”

“ஐயோ! நான் அதை முடிக்கிறதுக்குள்ள மெசினுக்கு ரெண்டுதரம் எஞ்சின் செய்யவேணும்.”

சிரித்தோம். “கதை என்ன?” என்று மாஸ்டர் கேட்டார். அந்த நாவலை வாசித்திருந்தவன் நான் மட்டும்தான். போருக்குப் போன கணவன், தகவலே இல்லை, அவன் உயிரோடிருக்கிறானா என்பது கடைசி அத்தியாயம்வரை மனைவிக்குத் தெரியாது. சொல்லச் சொல்ல என் குரல் இறங்கியது. எல்லோரும் அக்கா வழக்கமாக உட்காரும் கதிரையைப் பார்த்தோம். யுத்தம் முடிந்த நாளிலிருந்து அவருடைய கணவரைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை.

“அதைப் பட்டியலில இருந்து எடும். அவாவுக்கு ஏன் அது?” என்றார் மாஸ்டர்.

“கேட்டிட்டு எடுப்பமே, சேர்?” என்றாள் தங்கச்சி.

“கேக்கிறதே பிழை, பிள்ளை.”

வெட்டியது என் கைதான். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டி வாசித்தவன் நான். வங்கியிலிருந்தோ கந்தோரிலிருந்தோ கடிதம் வந்தால் அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். அவர் கலங்கக்கூடிய வரி வந்தால் நிறுத்தாமல் தாண்டிவிடுவேன். அதை நல்ல குணம் என்றே நம்பியிருந்தேன்.

மாக்கர் பேனையை மூடும்போது அக்கா உள்ளே வந்தார். காலில் வயற்சேறு காயவில்லை. நேரே போட்டிடம் போனார்.

“என்னத்தை வெட்டினனீங்கள்?”

“அது தடிச்ச புத்தகம்,” என்றார் மாஸ்டர்.

“ஒன்பதாவது இதைவிடத் தடிப்பெல்லோ, மாஸ்டர்? அதை வெட்டேல்லையே.”

அண்ணை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மேசையில் கிடந்த திறப்பைக் கையில் எடுத்தார்.

“எழும்புங்கோ. பூட்டப்போறன்.”

ஒருவரும் எழும்பவில்லை. ஒரு வருடத் திட்டம் அந்தத் திறப்போடு போய்விடும் போலிருந்தது.

“அக்கா, அது போருக்குப் போன புருசனுக்காக ஒரு மனிசி காத்திருக்கிற கதை. அதுதான்... வெட்டினது நான்தான்.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “கலியாண வீட்டுக்கு நான் போனாச் சனம் கதைக்கிறதை நிப்பாட்டும். கடையில நிப்பாட்டும். பதினைஞ்சு வருசத்துக்கு மேலா அதைப் பாக்கிறன், தம்பி. இங்கயும் எனக்கு அதைத்தான் செய்யப் போறியளோ?”

“இல்லை, அக்கா.”

“அப்ப சொல்லும். அந்த ஆள் திரும்பி வாறானோ?”

நான் வாயைத் திறந்தேன். உடனே கையை நீட்டித் தடுத்தார்.

“சொல்லாதையும். நானே வாசிச்சுப் பாக்கிறன். அதை முதல் மாசத்தில போடும்.”

திறப்பு இன்னும் அவருடைய கையில்தான் இருந்தது. முதல் வரிக்கு மேலே அந்த நாவலின் பெயரை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

புத்தகமோ என்னிடமிருந்த ஒன்றுதான். கைமாறி வாசித்தால் மாதங்கள் போய்விடும். எல்லோரும் ஒரே பக்கத்தில் நிற்கவேண்டும் என்றார் அக்கா. தங்கச்சி கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டாள்: ஒரு தாளின் ஒரு புறத்தில் இரண்டு பக்கம், புறத்துக்கு எட்டு ரூபாய், நாலு பிரதி, பிரதிக்கு முந்நூறு ரூபாய் கட்டுக்கூலி.

“நாப்பது லீற்றர் டீசல் காசு,” என்று மொத்தத்தைப் பார்த்து அண்ணை முனகினார்.

அக்காவின் பங்கைத் தான் போடுவதாக மாஸ்டர் பேர்சை எடுத்தார்.

“என்ர பங்கை ஒருத்தரும் போடக்கூடாது,” என்றார் அக்கா. மாஸ்டர் பேர்சை மூடினார்.

போட்டின் அடியில் நான் மொத்தத்தை எழுதினேன்: பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய், ஐந்து பங்கு.