இரவல் ஆட்டக்காரன்

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் நான் சேர்ந்திருந்த றக்பிக் கழகம் யூலாண்டின் கடைசிப் பிரிவில் விளையாடியது. அந்தப் பிரிவில் எந்தக் கழகத்துக்கும் ஆட்கள் போதாது. வருகிறவர்களுக்கு ஆள் குறைந்தால், மைதானத்துக்காரர் தங்களில் ஒருவரை இரவல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. இரவல் போகிறவன் பெரும்பாலும் நான்தான். மெலிந்தவன், வாய் திறக்காதவன். மாணவர்களின் சட்டை, ஆமிக்காரரின் சட்டை எல்லாம் போட்டிருக்கிறேன்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவன், பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் என் எதிரே நின்று எலும்பு பிரிக்கிற டேனிஷ்காரன். கதவளவு உடம்பு. வேலையில் என் கத்தியையும் சேர்த்துத் தீட்டித் தருவான்.

அப்போது என் மனைவி கொழும்பில் ஒரு வாடகை அறையில் காத்திருந்தாள். அகதியாக வந்த தமிழர் எங்களில் ஒருவருக்கும் குடும்பத்தைக் கூப்பிட அனுமதி வரவில்லை. டேனிஷ் நீதி மந்திரியே அதை நிறுத்தி வைத்திருந்தார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அன்று நாங்கள் குற்றத்தை எங்களுக்குள்ளேயே தேடினோம். சிவப்பு விளக்கில் வீதியைக் கடந்தவனுக்கு அதனால்தான் வரவில்லை என்றார்கள்.

"பொலிஸிட்டைப் பேர் போகக்கூடாது தம்பி. போனா மனுசியை மறந்திடு," என்பார் என்னோடு அறையில் இருந்த மன்னார் அண்ணை.

அந்தச் சனிக்கிழமை ஒரு விவசாயக் கிராமத்துக் கழகம் ஆள் குறைவாக வந்தது. நான் அவர்களுடைய பச்சைச் சட்டையைப் போட்டேன். தரை முழுக்கச் சேறு. முதல் பந்து கைக்கு வந்ததும் எலும்பு பிரிக்கிறவன் என்னை இடுப்போடு தூக்கி நிலத்தில் அடித்தான். மூச்சு நின்றது. எழுவதற்குள் அவன் முழங்கால் என் விலாவில் இறங்கியது. அடுத்த முறை, ஆட்களுக்குக் கீழே கிடந்த என் காதை அவனுடைய ஆணிச் சப்பாத்து கிழித்தது. இரத்தம் கழுத்தால் வழிந்தது.

"நான் உன்னோட வேலை செய்யிறவன்," என்றேன்.

"அது திங்கக்கிழமை. இண்டைக்கு நீ பச்சை."

பிறகு என் முகத்தைச் சேற்றில் வைத்து அழுத்தினான். மூக்கும் வாயும் அடைத்தன. எப்படித் திரும்பினேனோ தெரியாது, கைமுட்டியால் அவன் மூக்கில் குத்தினேன். தொழிற்சாலை மேசையில் குருத்தெலும்பு பிரிகிற அதே சத்தம். மறுபடியும் குத்தினேன். இழுத்தெடுக்கும் வரை குத்தினேன். எங்களுக்குப் பின்னால் இரண்டு கழகமும் அடிபட்டுக்கொண்டிருந்தன.

நடுவர் என்னை வெளியே போகச் சொன்னார். பெயரைக் கேட்டார். எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

மைதானக் கோட்டருகில் குடையோடு பார்த்துக்கொண்டு நின்ற மன்னார் அண்ணைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பேர் எடுத்திட்டான்."

"ஓம்."

"பிறகேன் நிக்கிறாய்? ஓடு."

ரயில் பாதையோரம் இருவரும் ஓடினோம். நான் ஆணிச் சப்பாத்தோடு, அவர் விரித்த குடையோடு. அறையைப் பூட்டிக் கட்டிலைக் கதவோடு சாத்தினோம். அவளுக்கு என்ன சொல்வது என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை வரவில்லை.

இருட்டுவதற்கு முன் கதவு அதிர்ந்தது.

"நான்தான் அடிச்சனெண்டு சொல்லுறன்," என்றார் அண்ணை. "எனக்குக் கூப்பிட ஆக்களில்லை. அவங்களுக்கு எங்கட முகமெல்லாம் ஒண்டுதான்."

கட்டிலை நகர்த்தித் திறந்தார். எலும்பு பிரிக்கிறவன் நின்றான். மூக்கில் பஞ்சு, ஒரு கண் மூடிவிட்டது. ஒரு கையில் நான் மைதானத்தில் விட்டுவந்த காற்சட்டையும் சப்பாத்தும், மற்றதில் பியர்ப் போத்தல்கள்.

"நான்தான் அடிச்சது," என்றார் அண்ணை தனக்குத் தெரிந்த டேனிஷில்.

அவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப நீயும் பயிற்சிக்கு வா. எங்களுக்கு ஆள் போதாது." என் பக்கம் திரும்பினான். "பச்சைச் சட்டையைக் கழற்று. அதுக்காக அவங்கட பஸ் கீழ நிக்குது."

"பொலிஸ் இல்லையா? பேர் எடுத்தாரே."

"அடுத்த ஆட்டத்தில உனக்கு இடமில்லை. அதுக்குத்தான்." சிரித்தான். பஞ்சு சிவந்தது.

மனைவியைப் பற்றி அவனிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். அவன் சிரிப்பை நிறுத்திக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"அதுக்கு ஆரை அடிக்கவேணும்?" என்று கேட்டான்.

அப்போது எனக்கும் தெரியாது. அவள் வந்து சேர இன்னும் சில குளிர்காலங்கள் பிடித்தன.

கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. சட்டையின் கழுத்துப்பட்டி இரத்தம் காய்ந்து என் காதோடு ஒட்டியிருந்தது. நான் இழுக்கப் போனேன். "பொறு," என்று அவன் என் கையைத் தட்டிவிட்டு, தண்ணீர் தொட்டு, இரண்டு விரலால் மெல்ல மெல்லப் பிரித்தெடுத்தான்.