சஹர் சாப்பிட்ட வயிறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ரமலான் மாதம். ஆம்பூருக்கு வெளியே, ஜன்னலைத் திறந்தால் பாலாற்று மணல் தெரிகிற ஒரு சின்ன ஆஸ்பத்திரி. என் வயிற்றில் வளர்ந்திருந்த கட்டியை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். என் மகன் அப்போது தவழ்கிற பிள்ளை.

முந்தின நாளே வந்து படுக்கச் சொன்னார்கள். பிள்ளையை விட்டுப் பிரிய மனசில்லாமல் விடிந்த பிறகுதான் வண்டி ஏறினேன். உடம்பு சரியில்லாதவளுக்கு நோன்பு கட்டாயமில்லை என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான் கேட்டால்தானே. ஒருவேளை திரும்பி வராவிட்டால், நோன்போடு போனவளாக இருக்கட்டும் என்று எனக்கொரு பிடிவாதம். "வைக்கிறதுன்னா தெம்பா வை" என்று அம்மா, விடியுமுன் சாப்பிட்டு நோன்பு பிடிக்கிற சஹருக்கு, நெய்ச்சோறும் கறியும் ஜாஸ்தியாகவே போட்டாள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தது நினைவில் இருந்தது. நோன்புக்காரியின் வயிற்றைவிட வெறும் வயிறு ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில், வெறும் வயிறா என்று நர்ஸ் கேட்டாள். நோன்பு என்றேன். தெற்கத்திப் பெண், ஊருக்குப் புதுசு. "ரொம்ப நல்லதாப் போச்சு" என்று வெள்ளைத் துணியைப் போர்த்தி மேஜையில் படுக்க வைத்துவிட்டாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா பக்கத்துப் பேரணாம்பட்டுக்காரர், நோன்பு வைக்கிற வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர். குளோரோபாரம் புட்டியைத் திறந்ததும் ஒரு தித்திப்பு வாசம் வந்தது. பயத்திலேயே எனக்குப் பாதி கண் சொருகிவிட்டது. துணி சுற்றிய மூடி முகத்துக்கு அருகே வந்து, அப்படியே நின்றது.

"வெறும் வயிறுதானே?"

"நோன்பாம் டாக்டர்" என்றாள் நர்ஸ்.

டாக்டரம்மா என் பக்கம் குனிந்தார். "சஹருக்கு எழுந்தியாம்மா? இன்னா சாப்ட்டே?"

சொன்னேன். அவர் புட்டியை மூடி வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இருந்த தைரியத்தையெல்லாம் ஒன்றாகத் திரட்டிக்கொண்டு வந்து படுத்திருக்கிறேன். இன்னொரு முறை எங்கே போய்த் திரட்டுவது? "பண்றதை இப்பவே பண்ணிடுங்கம்மா, பேஜார் பண்ணாதீங்க" என்று அழுதேன்.

அவர் கோபப்படவில்லை. "மயக்கத்துல வாந்தி வந்தா அந்தச் சோறு மூச்சுக்குழாய்ல போய்டும். நீ தூங்கிட்டிருப்பே, இருமக்கூடத் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் பொறு. நானும் எங்கயும் போகல." பிறகு நர்ஸிடம், "வெறும் வயிறான்னு கேக்காதே. கடைசியா எப்ப, இன்னா சாப்ட்டாங்கன்னு கேளு" என்று மட்டும் சொன்னார். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

பகல் முழுக்க மணலைப் பார்த்தபடி படுத்திருந்தேன். வெயில் சாயத் தொடங்கியதும் மறுபடி அந்த மேஜை, அந்தத் தித்திப்பு. இந்த முறை சுவர்கள் மெதுவாக விலகிப் போயின. தோல் மண்டியிலிருந்து வரும் என் வீட்டுக்காரர் கையின், தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாசம் எங்கிருந்தோ வந்தது. வெள்ளை மணலில் என் பிள்ளை தவழ்ந்து போய்க்கொண்டே இருந்தான். அவன் போன தடத்தில் தண்ணீர் ஊறியது. கூப்பிட நினைத்தேன், குரல் வரவில்லை. ஆனாலும் எனக்குப் பயமே இல்லை.

கண் விழித்தபோது தூரத்தில், நோன்பு திறக்கிற நேரத்து மஃரிப் பாங்கு கேட்டது. டாக்டரம்மா என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "குடிக்கக் கூடாது. இதான் இப்போதைக்கு" என்று ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார். அந்த நோன்பு செல்லாது, அதற்குப் பதிலாக இன்னொரு நாள் களா நோன்பு வைக்க வேண்டும் என்று பின்னால் அண்ணன் விசாரித்துவந்து சொன்னார். வைத்தேன்.

மணலில் தவழ்ந்த பிள்ளைக்கு இப்போது தாடி நரைக்கிறது. இன்றும் நோன்பு திறக்கும்போது, முதல் மடக்குத் தண்ணீருக்கு முன்னால் அந்தப் பஞ்சின் ஈரம் என் உதட்டில் படுகிறது. என்னிடம் ஒரு கேள்வி கேட்பதற்காக நின்ற அந்தக் கைக்காக இறைவனிடம் ஒரு துஆ கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறேன்.